பட்டன் வீட்டுக்கு வந்தது

மார்ச் 9, ஞாயிறு

ஜன்னலைத் திறந்து வைக்கிற அளவுக்கு வெயில் வந்துவிட்டது. கம்பளிகளையெல்லாம் பரணில் ஏற்றச் சொன்னாள் அக்கா. பாதி ஏற்றும்போதே போனில் ஆட்டுப் பண்ணையின் லைவ் ஆரம்பித்துவிட்டது. பட்டன்!! இன்றைக்கு வாளிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு, வாளியோடு கொட்டகையை ஒரு சுற்று சுற்றியது. ஏணியில் நின்று போனைப் பார்த்துச் சிரித்ததில் ஒரு கம்பளி அத்தான் தலையில் விழுந்தது.

"இந்த வீட்ல ஆட்டுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்ல."

"அது ஆடு இல்லப்பா, பட்டன்" என்றாள் வாலு. என் மருமகள் அல்லவா!

கமெண்டில் "வலிக்குதா பட்டன்?" என்று போட்டேன். நூற்றுப்பதினான்கு லைக்.

மார்ச் 12

ஒரு வருடமாகத் தினமும் பார்க்கிறேன், பட்டனைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. வெள்ளை உடம்பு. நெற்றி நடுவில் கறுப்பாக, வட்டமாக ஒரு புள்ளி, சட்டைப் பொத்தான் தைத்த மாதிரி. இடது காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. கேரட்டைக் காட்டினால் வலது முன்னங்காலைத் தூக்கும், வகுப்பில் கை தூக்குகிற பிள்ளை மாதிரி. எங்கள் க்ரூப்புக்குப் பெயர் 'பட்டன் படை'. நான் மாடரேட்டர். கெட்ட கமெண்டை நீக்குவது, சண்டை போட்டால் தடுப்பது. சம்பளம் கிடையாது. கௌரவம்!

சம்பளம் வருவது கடைக்காரர்களின் வீடியோவை வெட்டி ஒட்டித் தருவதில். எல்லாம் நானாகப் பார்த்துப் பார்த்துக் கற்றது. அலுவலகம் — அக்கா வீட்டு சாப்பாட்டு மேஜையின் ஓரம். படுக்கை — ஹால் சோபா. அத்தான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் பார்ப்பார். அது போதும்.

மார்ச் 15, சனி

பண்ணை அறிவித்திருக்கிறது. பிறந்தநாளுக்குப் பட்டன் வீடு தேடி வருமாம்! கூடவே முயல், கோழி, ஒரு செம்மறிக் குட்டி. நான் சமையலறைக்கு ஓடினேன். வாலுவுக்கு அடுத்த மாதம் ஆறு வயது முடிகிறது.

"கேக் வெட்டி நாலு பலூன் கட்டினா பத்தாதா?" என்றார் அத்தான்.

"போன வருஷமும் அதான் பண்ணோம். உங்க அக்கா என்ன சொன்னாங்க? 'ஏதோ ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு'ன்னாங்க." இது அக்கா.

"அத்தான், நான் பொறுப்பு."

"நீ பொறுப்புங்கிறதுதான்டா பயமா இருக்கு."

ஆனாலும் சரி என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு. அக்கா என்னைத் தனியாக இழுத்து, "சொதப்பிடாதடா. இவங்க வீட்டு ஆளுங்க மொத்தமும் வராங்க" என்றாள். சொதப்புவதா? நானா? பட்டன் விஷயத்திலா?

மார்ச் 20

வாலு பள்ளியிலிருந்து ஒரு வழக்கோடு வந்தாள். நிலா எல்லார் காருக்கும் பின்னால் வருமா, ஒரு காருக்கு மட்டுமா? டீச்சர் சொல்லியாகிவிட்டது. ஆனால் இவள் வகுப்பில் எழுந்து, "எங்க மாமாகிட்ட கேட்டுட்டு நாளைக்கு சொல்றேன்" என்றிருக்கிறாள். டீச்சர் அக்காவுக்கு போன் பண்ணிச் சிரித்தாராம்.

தூங்கும் முன் கேட்டாள். "மாமா, பட்டனுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது. நமக்குத்தான் அதைத் தெரியும்."

யோசித்தாள். "சரி. நேர்ல வந்ததும் பேர் சொல்லிக்கிறேன்."

அவளிடம் பொய் சொல்ல வராது எனக்கு. சொன்னால் நம்பிவிடுவாள், அந்தப் பயம்தான்.

ஏப்ரல் 2

பின் முற்றத்துத் துணிக்கொடிகளைக் கழற்றக் கீழ் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை: "கோழி முட்டை போட்டா எனக்கு."

ஏப்ரல் 5, சனி

முடிந்தது. நாளைக்கு எழுதுகிறேன். இப்போது முடியாது.

ஏப்ரல் 6

வேன் சரியான நேரத்துக்கு வந்தது. முற்றத்து மரம் முழுக்கப் பூ, காற்றடித்தால் பிள்ளைகள் தலையெல்லாம் வெள்ளை. இருபது பேர் இருக்கும். அத்தானின் அக்கா நாற்காலியை நடுவில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் போனை நிமிர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். வேன்காரர் பலகையைச் சாய்த்தார். முயல் கூண்டு இறங்கியது. கோழிகள். செம்மறி. கடைசியாக, கழுத்தில் மணியோடு, பட்டன்.

திரையில்தான் முதலில் பார்த்தேன். பெரிதாக்கினேன். இடது காது முழுசாக இருந்தது.

வலது காதோ என்று பார்த்தேன். கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டுகிறதோ கேமரா என்று போனை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். இரண்டு காதும் முழுசு. கேரட்டை நீட்டினார்கள். காலைத் தூக்கவில்லை. எட்டிப் பிடுங்கித் தின்றது.

வாலு பேர் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் போனவள் நின்றுவிட்டாள்.

"மாமா, காது."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "இது பட்டன் இல்ல."

வேன்காரர் சிரித்தார். "பட்டன்தான் பாப்பா. வளர்ந்துடுச்சில்ல?"

"காது வளருமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "என்னப்பா, ஆள் மாறாட்டம் கேள்விப்பட்டிருக்கேன், ஆடு மாறாட்டமுமா?" என்றார் அத்தானின் அக்கா. பெரியவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கையில் காகிதத் தட்டுகளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அத்தானும் பார்த்தார் — அந்தச் சொல்லாத பார்வை.

ஆடு தண்ணீர்த் தொட்டியில் முகத்தை முக்கி நிமிர்ந்தது. வாலு அதன் நெற்றிப் புள்ளியில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். திருப்பி எனக்குக் காட்டினாள். எனக்கு மட்டும். விரல் கறுப்பு.

அழவில்லை. கத்தவில்லை. "மாமா, நீ சொல்லு."

அத்தனை பேரும் என்னைப் பாக்குறாங்க. நான் என்னடா பண்ணியிருக்கணும்? ஆமா, இது வேற ஆடு, மை வச்சு ஏமாத்துறாங்கன்னு அந்தக் கூட்டத்துல சொல்லணுமா? அக்கா மூஞ்சி என்னாவும்? அப்புறம் எந்த சோபால படுப்பேன்? — இதெல்லாம் இப்ப யோசிக்கிறேன். அப்ப ஒண்ணுமே யோசிக்கல. வாய் தானா சொல்லிடுச்சு.

"பட்டன்தான்டா. மாமா தெனமும் பாக்குறேன்ல? இது மண்ணு." டிஷ்யூவை எடுத்து அவள் விரலைத் துடைத்தேன். லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நிதானமாக. பிறகு "சரி" என்றாள்.

அதற்கப்புறம் சொன்னதெல்லாம் செய்தாள். கேரட் கொடு என்றால் கொடுத்தாள். சிரி என்றால் சிரித்தாள். மெழுகுவத்தியை ஊது என்றால் ஊதினாள். பேர் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அத்தானின் அக்கா வேன்காரர் நம்பரை வாங்கிக்கொண்டார். கோழி ஒன்று நிஜமாகவே முட்டை போட்டு, கீழ் வீட்டுக்காரர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். அத்தான் என் தோளில் கை போட்டார், முதல் முறையாக. "பரவால்லடா, சாதிச்சுட்ட."

ஆடுகளை ஏற்றும்போது வேன்காரரிடம் போனேன்.

"அண்ணே, என் பட்டன் எங்க?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அந்த க்ரூப்பா தம்பி? பெருசானா முட்டும். பிள்ளைங்க நடுவுல விட முடியுமா? வசந்தத்துக்கு வசந்தம் புதுசு ஒண்ணு. இது மூணாவது பட்டன்."

"பழசு?"

"சந்தைக்கு." தாழ்ப்பாளைப் போட்டார். "பனிக்கு முன்னாடியே போயிடுச்சு."

"அப்ப லைவ்?"

"பழைய பதிவுதான். நீங்கல்லாம் ரசிக்கிறீங்கல்ல, அப்புறம் என்ன?"

பனிக்காலம் முழுக்கக் கொட்டகைக்குள்ளேயே காட்டினார்கள். ஏன் வெளியே விடுவதில்லை என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. நானும்தான். போன மாதம் வலிக்குதா என்று கேட்டேனே — யாரைக் கேட்டேன்?

ஏப்ரல் 8

பண்ணை வாலுவின் வீடியோவைப் போட்டுவிட்டது. ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பள்ளிக்கூட போட்டோக்காரருக்குச் சிரிக்கிற சிரிப்பு.

'பட்டன் படை' கொண்டாடுகிறது. "உன் மருமகளா? கொடுத்து வச்சவன்டா!" இதயம், இதயம், இதயம்.

அக்கா அதை அத்தான் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். அத்தானின் அக்காவும் கமெண்ட் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே 'கொம்பன்' என்று ஒரு புது ஆள்: "இடது காதுல வெட்டு காணோமே? யாராவது பாத்தீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டிருந்தான். நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நீக்கினேன். அவனையும் தடுத்தேன். மூன்று விநாடி வேலை.

ஏப்ரல் 9

கொம்பன் வேறு பெயரில் வந்து கேட்டான். அதையும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

"வாலு, லைவ் வந்துடுச்சு!" என்று கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்? பழக்கம். இல்லை. எல்லாம் பழையபடி இருக்கிறதா என்று பார்க்க.

தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள் தலை தூக்கவில்லை. "நீ பாரு மாமா."

போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு உன் விரல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"மண்ணுதான் மாமா. தெரியும்."

கோபமே இல்லாமல் சொன்னாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி தட்டை உடைத்தால் பரவாயில்லை என்போமே, அப்படி. பிறகு பச்சை பென்சிலை என்னிடம் நீட்டி, கூர் சீவித் தரச் சொன்னாள். சீவிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16

அக்காவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியாதா? என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா."

"அப்புறம் ஏன்க்கா சும்மா இருந்த?"

"நீ ஏன்டா சும்மா இருந்த?" ஒரு சட்டையை உதறினாள். "எல்லாரும் சந்தோஷமா போனாங்கல்ல, விடு. குழந்தைதானே, மறந்துடுவா. இனிமே இத எடுக்காத. உங்க அத்தான் இப்பதான் உன்னை மனுசனா மதிக்கிறாரு."

மாடரேட்டர் வேலையை விட்டுவிட்டேன். காரணம் எழுதவில்லை. பண்ணையிலிருந்து ஒரு கும்பிடு எமோஜி வந்தது. என் இடத்துக்கு மாலைக்குள் ஆள் போட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 22

காலையில் வெளியே மூட்டமாக இருந்தது. அத்தான் கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாலு ஷூ மாட்டியபடி, "மழை வருமா?" என்றாள். யாரிடம் என்றில்லாமல் கேட்டாள். ஹாலில் நான் மட்டும்தான் இருந்தேன். போனில் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன், இரண்டு இடத்தில் சரிபார்த்தேன்.

"வராது. தைரியமா கிளம்பு."

பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தாள். மறுபடி நீட்டினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், இறங்கினாள், நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துக்கொண்டாள்.

"போய்ட்டு வரேன் மாமா."

மழை வரவில்லை. நாள் முழுக்க வரவில்லை.