துண்டுக்குள் நீ சொன்ன விலை

இன்று காலை உன் துண்டு என் கைமேல் விழுந்தது. அதே பச்சைக்கரைத் துண்டுதான். உன் வீட்டுக்காரி எத்தனை தடவை அலசிக் காயப்போட்டிருப்பாளோ, புண்ணாக்கு வாடை மட்டும் போகவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் பேச வந்த விலை மறந்துவிட்டது. துண்டுக்கு அடியில், சுரண்டையிலிருந்து வந்த மாட்டு வியாபாரி என் விரல்களைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான். பிடித்திருப்பது அவனா நீயா என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை.

உன்னிடம் சொல்லிவிட்டால் குழப்பம் கொஞ்சம் தெளியும் என்றுதான் எழுதுகிறேன். தெளியாவிட்டாலும் உன்னைத் தவிர யாரிடம் போய் இதைச் சொல்ல?

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மகன் பட்டாளத்திலிருந்து போன் போட்டான். அம்மா ஒற்றை ஆளாய் என்ன செய்வாள், மாடுகளை விற்றுவிடுங்கள் மாமா என்றான். இரண்டு மாடுகளைத் தெரிந்தவர்கள் கைக்கே கொடுத்தோம். மிஞ்சியது செவலைப் பசுவும் அதன் கிடேரிக் கன்றும்தான். செவலை வயசாளி. கன்றைக் கொடுத்துவிட்டால், செவலைக்குப் பால் வற்றுகிற அன்றைக்கு உன் தொழுவம் முடிந்தது. உன் வீட்டுக்காரிக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் விலை வந்தால் கொடுப்பது என்றுதான் பேச்சு. அந்த விலை நீ சொன்னது என்று அவளிடம் சொன்னவன் நான்.

நமக்குச் சந்தையில் வாய் எதற்கு? கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டுவிட்டால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விரலுக்கு ஒரு ஆயிரம். கை முழுக்கப் பிடித்தால் ஐந்து. விலை படிந்தால் கையை இறுக்கி ஒரு குலுக்கு. அதற்குப் பிறகு பேச்சு மாறினால் அவன் முகத்தில் யாரும் முழிக்க மாட்டார்கள். உனக்கு இந்தப் பழக்கம் சந்தையோடு நின்றதா? பஸ் ஜன்னலில் ஒரு மாடு தெரிந்தால் போதும், என் கையைப் பிடித்து விலை போட்டுவிடுவாய். வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு அடியில் என் விரலில் ஒன்றை மட்டும் கிள்ளினாய். என்னடா என்று பார்த்தால், பாயசத்துக்கு ஒரு ரூபாய்தான் பெறுமாம். பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

அந்தத் துண்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சாயங்காலம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகளை நீதான் இந்தப் பக்கம் கடத்துவாய். மேய்ச்சல் இடமெல்லாம் பிளாட் கல் ஊன்றியாகிவிட்டது, இருந்தும் புல்லுக்கு அந்தச் சங்கதி தெரியாதே. சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலம் போகிற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நீ நடுரோட்டில் துண்டை விரித்துப் பிடித்தால் பஸ் கூட நிற்கும். ரோட்டில் மாட்டை விட்டால் பிடித்து அடைப்போம், அபராதம் போடுவோம் என்று பஞ்சாயத்துக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாளே நீ ஸ்டிக்கர் கடைக்குப் போய், லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற, வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கி வந்து கொம்புகளில் சுற்றினாய். "ஏலே, மாடு ரோட்டுக்குக் குறுக்க வரல. ரோடுதான் மாட்டுக்குக் குறுக்க வந்துட்டு. இருந்தாலும் நாம சட்டப்படி போவோம்" என்றாய்.

ஒருநாள் ஒரு வெளியூர்க்காரர் கார்க் கண்ணாடியை இறக்கி, "ஏங்க, இடிச்சா யாரு பொறுப்பு? மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார். நீ செவலையின் காதைத் திருப்பி, இன்சூரன்ஸ்காரர்கள் மாட்டிய மஞ்சள் வில்லையைக் காட்டினாய். "இந்தா தொங்குதுல்லா. ஒம்ம வண்டிக்கு இருக்கா, காட்டும் பாப்போம்." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அதே ரோட்டில்தான் விழுந்தாய். கார் எதுவும் இடிக்கவில்லை. துண்டை விரித்தபடி நின்றவன் அப்படியே சரிந்தாய். மாடுகள் ஒழுங்காகக் கடந்து போய், தொழுவத்தில் தங்கள் இடத்தில் நின்றிருக்கின்றன. நீ இல்லாமல் அவை வந்ததைப் பார்த்துத்தான் உன் வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உன் வாய் கோணியிருந்தது. பேச்சு இல்லை. மறுநாள் மத்தியானம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பால் சொசைட்டியில் சோதித்தபோது உன் பாலுக்கு நல்ல டிகிரி காட்டியது, கன்று துள்ளுகிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்று என்றதும் போர்வைக்கு அடியில் என் கையைப் பிடித்தாய். முழுக் கையையும் அழுத்தினாய். விட்டு, மறுபடி முழுக் கை. பிறகு இரண்டு விரல்.

பன்னிரண்டு. எனக்கு அப்படித்தான் பட்டது. மாட்டுக்காரன் கைக்கு வேறு என்ன படும்? கன்றுக்கு விலை சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். வெளியே வந்து உன் வீட்டுக்காரியிடம் அப்படியே சொன்னேன். அன்று பொழுது சாயும்போது நீ இல்லை.

பிறகுதான் குழப்பம் பிடித்தது. பால்குடி மறக்காத கன்றுக்கு அன்றைக்கு யார் பன்னிரண்டு கொடுப்பான்? உனக்குத் தெரியாத விலையா? அதோடு, உன் வலது கை மரத்துப்போய் மார்பில் கிடந்தது. நீ பிடித்தது இடது கையால். இடது கையால் விலை பேசுகிறவனை நான் சந்தையில் கண்டதே இல்லை. இருப்பது அந்தக் கைதான் என்றால் வேறு எதனால் பேசுவாய் என்றும் தோன்றும். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போது ஒரு மாதிரியும் திரும்பி வரும்போது வேறு மாதிரியும் தோன்றும். இதற்கிடையில் கன்று வளர வளர ஒன்பது, பத்து என்று கேட்டு வந்தவர்களையெல்லாம் உன் வீட்டுக்காரி திருப்பி அனுப்பினாள். "அவிய சொன்ன வெலைக்குக் கொறஞ்சு குடுக்க மாட்டேன்."

இன்று வந்தவன் இளவட்டம். போனில் போட்டோ பார்த்தே மாடு வாங்குகிறவன். வேலிக்கு அந்தப்புறம் வேறொரு வியாபாரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால், "துண்டு இருக்கா அண்ணாச்சி?" என்றான். கொடியில் கிடந்த உன் துண்டை உன் வீட்டுக்காரி எடுத்துத் தந்தாள். அவன் முழுக் கையை அழுத்தினான். மறுபடி முழுக் கை. பிறகு இரண்டு விரல்.

நான் கையை உருவிக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, நீங்க சொன்ன வெலைதான?" என்றான் அவன்.

உன் வீட்டுக்காரி கன்றின் கயிற்றைப் பிடித்தபடி கேட்டாள். "அவிய சொன்ன வெலை வந்துட்டா அண்ணாச்சி?"

"வந்துட்டு தாயி. ஆனா அவன் அன்னைக்கு வெலைதான் சொன்னானான்னு எனக்குத் தெரியல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எங் கையையும் அப்படித்தான் புடிச்சாவ. நீங்க போன பொறவு. வெரல வெரலா அழுத்துனாவ. மாட்டுக்கு மடி கட்டியிருக்கும், போயிக் கறன்னு சொல்லுதாவன்னு நெனச்சேன். பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன். கறந்துக்கிட்டு இருக்கும்போதுதான் போன் வந்துது." கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "போவாதன்னு சொன்னாவளோ என்னவோ."

அந்த வியாபாரிப் பயல் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை நான்காக மடித்துக் கயிற்றுக் கட்டிலில் வைத்தான்.

"கன்னு நிக்கட்டும் தம்பி" என்றாள் உன் வீட்டுக்காரி. "அவிய என்ன சொன்னாவன்னு தெரியாம இத எப்படிக் குடுக்க?" உன் மகனுக்கு நான்தான் போன் போட்டுச் சொல்ல வேண்டுமாம். என்ன சொல்வது என்று அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் அவளே துண்டை என் கையில் கொடுத்தாள். சாரல் பிடித்துவிட்டது. கார்கள் வரிசையாக வந்தன. நான் விரித்துப் பிடித்தபோது உனக்கு நின்ற மாதிரி நிற்கவில்லை, இரண்டு பேர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத்தான் நின்றார்கள். செவலை கடந்தது. கன்று நடுரோட்டில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன் பின்னால் ஓடியது.

நீ அழுத்திய அழுத்தம் இன்னும் இந்தக் கையில் இருக்கிறது. விலையா, கறக்கச் சொன்னதா, போகாதே என்றதா, எனக்குத் தெரியாது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ அழுத்தி முடித்ததும் நான் பழக்கத்தில் உன் கையை இறுக்கி ஒரு குலுக்குக் குலுக்கினேன். உன் முகம் தெளிந்தது, கண்ணை மூடிக்கொண்டாய். சரி என்று ஏதோ ஒன்றுக்கு உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.