இருமாத வண்டி

அமராவதிபுதூர்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

ஜனனிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் என் மருந்து டப்பாவும் பழுதில்லாமல் இருக்கிறோம். கடல் தாண்டிச் சிங்கிடாவில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். இதில் சாப்பாட்டுப் பகுதியில் எனக்கு நம்பிக்கை குறைவு. மஹாலட்சுமி அத்தைக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மூன்றாம் நாளே இங்கே வந்து, உன் அப்பா படத்தின் கண்ணாடியில் தூசி இருப்பதைக் கண்டுபிடித்து, ‘என்னண்ணி, எங்கண்ணன இப்புடியா வச்சுருக்கீக’ என்றாள். பார்வை மங்கலாக இருந்தபோது இன்னும் இணக்கமான மனுஷியாக இருந்தாள். அவள் மகன் ஆகாஷ் பாட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது அதன் திரையிலேயே வருகிறதாம். அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுவதால் எதிரே வரும் மாடு அவன் கண்ணில் படுவதில்லை. மழை இரண்டு முறை இருட்டிக்கொண்டு வந்து, எங்களை ஏமாற்றிவிட்டுத் தேவகோட்டைப் பக்கம் போய்விட்டது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

இனி எழுத வந்த காரியம். போன வாரம் நீ ஒரு படம் அனுப்பினாய். சிவப்பு நிறத்தில் சின்ன மோட்டார் சைக்கிள், அதன் பக்கத்தில் நீ, ஹெல்மெட் உன் முழங்கையில். ஹெல்மெட் முழங்கைக்கு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் அளவு காட்டும் முள் இந்த வண்டியில் இல்லை, ஆழ்குழாய்க் கிணறுகளைப் பார்க்கப் போகும் சாலையில் நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது என்றும் எழுதியிருந்தாய். நான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் முகத்தை அல்ல. தொட்டிக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் திருகைப் பார்த்தேன். அது மேல்நோக்கி நின்றது. ‘திருகைக் கீழே திருப்பு’ என்று உடனே ஒரு வரி அனுப்பினேன். நீ, ‘தெரிஞ்சுதாம்மா வச்சிருக்கேன். நான் எப்பவும் ரிசர்வுலயேதான் ஓட்டுவேன். அப்பத்தான் எதையும் நம்பாம, பயந்து பயந்து பெட்ரோல் போடுவேன்’ என்று பதில் அனுப்பினாய். அதைப் படித்த பிறகு அன்றைக்கு நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவளின் மகள் இப்படி ஒரு வாக்கியம் எழுதியது ஒரு காரணம். மற்றக் காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன். அதற்காகத்தான் ஃபோனை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் வண்டி. ரிசர்வு என்பது தனித் தொட்டி அல்ல. இருப்பது ஒரே தொட்டி. அதற்குள் இரண்டு வாய்கள். ஒன்று உயரத்தில், ஒன்று அடியில். திருகு கீழ்நோக்கி இருந்தால் உயரத்து வாய் வழியாகப் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனதும் வண்டி இருமும். மேல்நோக்கித் திருப்பினால் அடிவாய் திறந்து, மிச்சம் இருக்கும் ஒரு லிட்டரோ முக்கால் லிட்டரோ இறங்கும். முள் இல்லாத வண்டிக்கு அந்த இருமல் ஒன்றுதான் பேச்சு. நீ எப்போதும் மேலேயே வைத்திருந்தால் அது இருமாது. ஓடும், ஓடும், பிறகு நிற்கும். நின்ற இடத்தில் உன்னிடம் திருப்ப ஒன்றும் இருக்காது. உன் அப்பா இதை, ‘ரிசர்வுங்கிறது பெரியம்மா வீடு மாதிரி. பசிச்சாப் போகலாம், அங்கயே குடியிருந்துறக் கூடாது’ என்பார். ஆகவே இப்படிச் செய். தொட்டியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்; இருமும்வரை ஓட்டிப் பார், இன்னொரு முறையும் பார்; இரண்டில் குறைந்ததையே உன் கணக்காக வை. எதிர்காற்றும் பின்னால் கட்டிய குழாய்ச் சாமானும் அந்தக் கணக்கைக் குறைக்கும். போகவரப் பெட்ரோல் இருந்தால் போதும் என்று நினைக்காதே; போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, வழி தப்பினால் ஒரு பங்கு. புறப்படும் முன் காய்ந்த ஈர்க்கைத் தொட்டிக்குள் விட்டு எடுத்து எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார். அங்கே தென்னை இல்லையென்றால் ஏதாவது ஒரு குச்சி. பெட்ரோல் இருந்தும் வண்டி நின்றால் தொட்டி மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோல் போட்ட பிறகு மூடியைப் பூட்டும் முன்பே உன் கை அந்தத் திருகைத் தொட்டுக் கீழே திருப்ப வேண்டும். பூட்டிய பிறகு அல்ல. பூட்டிய பிறகு மனுஷர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மற்றது. பதினான்கு வருடத்துக்கு முன், அந்தப் பங்குனியில், முதல் நாள் நீ பாஸ்போர்ட் வேலையாக அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போனாய். வழியில் வண்டி இருமியது. நீ ரிசர்வுக்குத் திருப்பினாய். ஒரு லிட்டர் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாய். மறுநாள் காலையில் அப்பா காரைக்குடிக்குப் போய்த் திரும்பி, அப்படியே தேவகோட்டைக்கு அப்பால் வயலுக்குப் போனார். திரும்பும் வழியில் வண்டி இருமாமலே நின்றது. இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், பாரம் தள்ளக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தவர், உச்சி வெயிலில் ஒரு மைலுக்கு மேல் தள்ளியிருக்கிறார். அவர் விழவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மைல்கல்லில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. உன் பெரியப்பா பாண்டிமுருகன் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அத்தனை பேருக்கும் நடுவில், ‘வண்டி ரிசர்வுலயே கெடந்துருக்கு. நேத்து ஓட்டுனது யாரு’ என்றார். நீ, ‘நான்தான் பெரியப்பா’ என்றாய். ‘பொட்டப்புள்ள கையில வண்டியக் குடுத்தா இப்புடித்தேன்’ என்றார் அவர். நீ அதற்குப் பிறகு அழவில்லை. ஏழாம் மாதம் வேலை கிடைத்து வெளிநாடு போனாய். இரண்டு முறை வந்தாய். இரண்டு முறையும் அந்த வண்டி நிற்கும் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

அந்தத் திருகை நீ மேலே விட்டுவைக்கவில்லை. நீ கீழே திருப்பியிருந்தாய். எனக்கு அது அன்றைக்கே தெரியும். வண்டியில் வாஷர் தேய்ந்து பெட்ரோல் சொட்டும் என்பதால் தினமும் சாயங்காலம் நான் திருகைக் குறுக்காக வைத்து மூடுவேன், காலையில் திறந்துவிடுவேன். அது என் வேலை, உனக்கும் நினைவிருக்கும். முதல் நாள் நீ வந்து நிறுத்திய பிறகு நான் மூடப் போனபோது அது கீழ்நோக்கித்தான் இருந்தது. மறுநாள் காலையில் பரீட்சை வினாத்தாள் விஷயமாகத் துறைத்தலைவரோடு ஃபோனில் வாதாடிக்கொண்டே, பார்க்காமல், இடது கையால் திருகினேன். குறுக்கே நிற்கும் திருகு மேலேயும் போகும், கீழேயும் போகும். என் கை மேலே போயிற்று. கொஞ்சம் இறுக்கமாக இருந்ததுகூட விரலில் ஞாபகம் இருக்கிறது. சரியாகத் திறந்திருந்தால் அவர் காரைக்குடியிலிருந்து திரும்பும்போதே வண்டி இருமியிருக்கும், வழியிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பார். உன் பெரியப்பா கேட்டபோது நான் உனக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று பிறகு எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். யோசித்துத்தான் நின்றேன். நீ சின்னவள், தாங்கிக்கொள்வாய், மறந்துவிடுவாய் என்று யோசித்தேன். வினாத்தாள் தயாரிக்கிறவள் போட்ட கணக்கு அது.

இன்னும் ஒன்று இருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மலையம்மாள் என்று ஒருத்தி வந்தாள். அன்றைக்கு அந்தச் சாலையோரம் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தவள். அடுப்படியில் என்னிடம் மட்டும் சொன்னாள்: ‘வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாக. என்னண்ணே, பெட்ரோல் தீந்துபோச்சான்னு கேட்டேன். ஆமாத்தா, எங்க வாத்தியாரம்மா காலைல திருப்புன திருப்பு, கிளாஸ் எடுக்குற ஞாபகத்துல மேல திருப்பிவிட்டுருச்சு, சாயங்காலம் வச்சுக்கிறேன்னு சிரிச்சாக. தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னேன். இந்தா பெட்ரோல் பங்கு தெரியுதுல்லன்னுட்டுப் போனாக.’ ஆக அவருக்குத் தெரிந்திருந்தது. உன் பெயர் அவர் வாயில் வரவேயில்லை. அவர் கை திருகைத் தேடிப்போய், அது ஏற்கெனவே மேலே நிற்பதைக் கண்ட அந்த நொடியை நான் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பேயிலும் பிசாசிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் பகல் பன்னிரண்டே முக்காலுக்குக் கொட்டகையில் வண்டி இரண்டு முறை இருமுகிறது. வெயிலில் தகரம் விரிகிற சத்தம் அது. எந்த மாணவி கேட்டாலும் விளக்கிச் சொல்லுவேன். மழை நாளில் தகரம் விரியாது என்பதும் எனக்குத் தெரியும். மழை நாளிலும் இருமுகிறது. மெக்கானிக் செல்வம் வண்டியைக் கேட்டு வந்து, ‘டீச்சர், தொட்டியே உக்கிப்போச்சு. இன்னும் என்னத்தக் காவல் காக்குறீக’ என்றான். அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. தினமும் சாயங்காலம் போய்த் திருகை மூடுகிறேன், காலையில் குனிந்து, கண்ணால் பார்த்து, கீழே திறந்துவிடுகிறேன்.

நீ ரிசர்விலேயே ஓட்டுவது பயத்தால் அல்ல, தண்டனையாக. இன்னொருத்தி செய்த பிழைக்கு நீ உனக்கே கொடுத்துக்கொண்ட தண்டனை. அந்த நூற்றுப் பத்து கிலோமீட்டரில் ஒருநாள் அது உன்னை நிறுத்திவிடும். உன்னையும் ஒரு மைல்கல்லில் உட்காரவைக்க என்னால் முடியாது. செவ்வாய்க்கிழமை உன் பெரியப்பா வீட்டுக்குப் போய், மருமக்கள் எல்லாரையும் கூடத்துக்கு வரச்சொல்லி, அன்றைக்குத் திருகியது நான் என்று சொன்னேன். அவருக்குக் காது கேட்பதில்லை என்பதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை தெருவுக்கே கேட்டிருக்கும். ‘விடுத்தா, இப்ப என்னத்துக்கு அத’ என்றார். விடுவதற்கில்லை என்று சொன்னேன். பிறகு, ‘அந்தப் புள்ளய நான் என்னென்னமோ பேசிப்புட்டேனே’ என்றார். அதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள் என்று உன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கூப்பிட்டால் எடு. எடுக்காவிட்டாலும் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

நீ எனக்கு மன்னிப்பு எழுதி அனுப்ப வேண்டாம். கோபமாக இருந்தால் அதையும் இப்போதே எழுத வேண்டியதில்லை. உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல சாலையும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க வழியில் ஒரு மனுஷியும் வாய்க்கட்டும். அவள் கொடுத்தால் வாங்கிக் குடி. ஹெல்மெட்டைத் தலையில் போடு. இதைப் படித்து முடித்ததும் வெளியே போய், உன் வண்டியின் திருகைக் கீழே திருப்பி, படம் எடுத்து அனுப்பு. இந்தத் தடவை நீ படத்தில் நிற்க வேண்டியதில்லை. திருகு மட்டும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
அந்தக் காலையில் பார்க்காமல் திருகிய உன் அம்மா,
மு. சந்திரலேகா