மாரடைப்பு என்று சொன்னார்கள்

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் கத்தரிக்காய்தான் வைத்தேன். இவுக, "சாயப்பட்டறை நாத்தமே தேவல"ன்னுட்டு ரெண்டு தட்டு தின்னாக. நல்ல பசி போல.

ஜூலை 10, வியாழன்

போயிட்டாக.

ஜூலை 13, ஞாயிறு

இன்றுதான் எழுத முடிகிறது, கூட வேலை பார்த்தவர்கள் காதோடு சொன்னதை. பந்தல்குடி ரோட்டுச் சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டி மோட்டார் நின்றுவிட்டது. மெக்கானிக் என்று என் வீட்டுக்காரர் மன்சூர் அலியை உள்ளே இறக்கிவிட்டார்கள். முகமூடி இல்லை, இடுப்பில் கயிறுகூட இல்லை. உள்ளே விஷவாயு. மூச்சு முட்டி அங்கேயே —

மேனேஜர் சுப்புராஜ் இவுக உடலை நேராக வீட்டுக்கே கொண்டுவந்தார். "மாரடைப்பும்மா." டாக்டருக்கு எப்போது படித்தாரோ! அடுத்த நிமிஷம் ஆலிம்சாவும் ஆகிவிட்டார். "உங்க மார்க்கத்துல மையத்த அறுக்கக் கூடாதுல்ல? சீக்கிரம் அடக்கிருங்க." ஆறு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு இவுகளை நேரத்தோடு விட்டதில்லை இந்த ஆலிம்சா.

மாமனார் அப்துல் கரீமும் அழுதுகொண்டே, "பிள்ளைய நோகடிக்க வேணாம்மா" என்றார்.

இவுக சட்டையெல்லாம் சாயத் தண்ணி. மாரடைப்பு வந்தவுக தொட்டிக்குள்ள போயா படுத்தாக?

நான்தான் நூறுக்குப் போன் போட்டேன். பிரேதப் பரிசோதனையால் அடக்கம் ஒரு நாள் தள்ளிப்போனது. மாமா என்னோடு பேசுவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

புருஷனை இழந்து நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருக்கிறவளுக்குப் புத்தி சொல்ல ஊரில் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. சாட்சி சொல்லத்தான் ஒருத்தருக்கும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இலவச சட்ட உதவியிலிருந்து வக்கீல் கனகலட்சுமி வீட்டுக்கே வந்தார். முதல் தகவல் அறிக்கையில் 'சந்தேக மரணம்' என்று இருக்கிறதாம். யாருக்குச் சந்தேகம்?

"பிரேதப் பரிசோதனையில மூச்சுத்திணறல்னு வந்திருக்கு. கவனக்குறைவால மரணம்னு பிரிவை மாத்தச் சொல்லி மனுக் கொடுப்போம். இழப்பீட்டு வழக்கு தனி. ரெண்டும் சேந்தே போகலாம்."

"அவரு எங்க ஆளே இல்லைன்னு மொதலாளி சொல்றாராம்" என்றேன்.

ஆமாம், வழிப்போக்கர் ஒருத்தர் ஆறு வருஷமாகப் பொழுது போகாமல் மோட்டார் ரிப்பேர் பார்த்திருக்கிறார்!

கதவோரம் நின்ற மாமா மெல்லக் கேட்டார்: "அறுத்ததாலதான் இது தெரிஞ்சதாம்மா?"

"ஆமாய்யா. இல்லன்னா கேஸே இல்ல."

மாமா உள்ளே போய் இவுக போனை எடுத்துவந்து வக்கீலிடம் நீட்டினார். சாவுக்கு முந்தின நாள் சுப்புராஜ் அனுப்பிய குரல் செய்தி: "மன்சூரு, காலைல தொட்டில எறங்கிரு. முகமூடி வேணும் முகமூடி வேணும்னு உசுர வாங்காத."

யாரு உசுர யாரு வாங்குனது?

இத்தனை நாளும் மாமா தனியாக இருந்து இதைக் கேட்டிருக்கிறார்.

நவம்பர் 24, திங்கள்

இத்தா முடிந்து ஒரு வாரம். குற்றப்பத்திரிகை போட்டாயிற்று. முதலாளி முதல் எதிரி, சுப்புராஜ் இரண்டாவது. இழப்பீட்டு வழக்குக்கு அடுத்த மாதம் வாய்தா.

சாயங்காலம் சுப்புராஜ் வாசலில் வந்து நின்றார். "பேசி முடிச்சுக்கிருவோமே பாய்." மார்க்கம் பற்றி இன்று ஒன்றும் சொல்லவில்லை.

யார் வந்தாலும் முதலில் நாற்காலி எடுத்துப் போடுகிறவர் மாமா. இன்று போடவில்லை.

"கேஸ் போட்டது எம் மருமக. அவுகளக் கேளுங்க" என்றார்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.