எந்தச் சபையடா தம்பி?

இயேசு மரி சூசை துணை

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
சனிக்கிழமை

அன்பு மகன் ஜெனுசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நானும் அம்மாவும் நல்ல சுகம், அம்மாவின் முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. நோர்வேக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டுமென்று செபிக்கிறோம். நிறஞ்சனா அக்கா லீவு முடிந்து அங்கே திரும்புகிறா, அவவின் கையில் நெத்தலிக் கருவாடும் இந்தக் கடிதமும் வரும். போனில் கேட்கலாமே என்று நினைப்பாய். ஸ்பீக்கரில் போடாவிட்டால் எனக்குக் கேட்காது, போட்டால் எனக்கு முதல் பக்கத்து வீட்டு அமராவதிக்குக் கேட்கும். அப்படிக் கேட்டதால் வந்த வினைதான் இதெல்லாம்.

போன கிழமை நீ ஒரு குரல் செய்தி அனுப்பினாய். "அப்பா, நான் சபையில சேர்ந்திட்டன், பிறகு ஆறுதலாக் கதைக்கிறன்" என்று, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எடுத்த நேரமெல்லாம் நீ வேலையில், நீ எடுத்த நேரமெல்லாம் எங்கள் குசினி அடுப்படியில் அமராவதி. தம்பி, எந்தச் சபை? உன் அம்மா அதைக் கேட்டதும் முழங்கால் நோவை மறந்து மாதா படத்துக்கு முன்னால் விழுந்தா, நீ துறவற சபையில் சேர்ந்துவிட்டாயாம், குருவானவராகப் போகிறாயாம். அமராவதியோ வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணை, அது அல்லேலூயாச் சபை, கை தட்டிப் பாடுறவை. என்ர மச்சாளின்ர பெடியனும் வெளிநாடு போய் அப்பிடித்தான் மாறினவன்" என்று செத்தவீட்டுக் குரலில் சொன்னா. ஒருத்தி சந்தோசத்தில் அழ, மற்றவ துக்கத்தில் அழ, நான் யாரோடு சேர்ந்து அழுவதென்று தெரியாமல் தேத்தண்ணி ஊற்றப் போனேன். சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேன், இருவரும் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்கள். வீட்டின் நிலைமை அப்படி.

இந்த நேரத்தில்தான், உனக்குப் பேசியிருக்கிற பிரியந்தினியின் தகப்பன், சிலாவத்தை வஸ்தியாம்பிள்ளையர் வந்தார். பூசை தவறாத பெடியனுக்குத்தான் பெண் என்று முதலே சொன்ன மனிசன். ஞாயிறு பூசை முடிந்து சனமெல்லாம் கோயில் வாசலில் நிற்க, "மூப்பர், பெடியன் ஏதோ சபையில சேர்ந்திட்டானாமே, எந்தச் சபை?" என்று கேட்டார். ஊருக்கே செபம் சொல்லிக்கொடுக்கிற மூப்பரின் மகன் கோயிலை விட்டுப் போனான் என்றால் என் முகத்தை எங்கே வைப்பது, சாமியாராகிறான் என்றால் அவருடைய மகளை எங்கே வைப்பது? வாயில் வந்ததைச் சொன்னேன். "அங்கத்தைய நகர சபையில, அண்ணை. நிரந்தர வேலை." அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற பாதர் அன்று பின்னேரமே, மூப்பரின் மகனுக்குக் கிடைத்த புது வேலைக்காக நன்றி மன்றாட்டு வைத்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், எல்லோரையும்விடச் சத்தமாக நானும் சொன்னேன். இப்போது கடற்கரைச் சதீஸ், குப்பை லொறியில் என்றாலும் பரவாயில்லை, தன்னையும் அந்தச் சபைக்கு எடுத்துவிடச் சொல்லி எனக்குப் பின்னால் திரிகிறான்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் பேனையை எடுத்தேன். பூசைக்குப் போ, பெரியவர்களின் சொல்லைக் கேள், கிறிஸ்தவனாக ஒழுங்காக நட, குடும்பத்துக்கு அவமானம் தேடித் தராதே என்று எழுத வந்தவன், அவமானத்தைக் கோயில் வாசலில் வைத்து நானே தேடிக்கொண்டேன். நீ அங்கே கை தட்டிப் பாடினாலும் ஆண்டவரைத்தானே பாடுவாய், அதில் என்ன அவமானம்? ஆனால் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலை நீ விட்டுவிட்டால் என் நெஞ்சு தாங்குமா? இரண்டும் சரியாகத்தான் படுகிறது. நான் பயப்படுவது கடவுளுக்கா வஸ்தியாம்பிள்ளையருக்கா என்றும் விளங்கவில்லை. நேற்றுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் பொய் சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை மீறின கதை முழுவதையும் சொன்னேன். பாதர் இருமினாரா சிரித்தாரா தெரியாது. பிறகு, "மூப்பர், பொய் சொன்ன இடத்திலயே போய் நிண்டு உண்மையைச் சொல்லுங்கோ, அதுதான் உங்கட அபராதம்" என்றார். எனக்கே உண்மை தெரியாதே சுவாமி என்றேன். "தெரியாதெண்டதுதானே உண்மை" என்றார்.

ஆகவே நாளைக்குப் பூசை முடிய, அதே வாசலில், அதே சனத்துக்கு முன்னால், என் மகன் எந்தச் சபை என்று எனக்குத் தெரியாது, நகர சபை நான் கட்டிய கதை என்று சொல்லப் போகிறேன். சம்பந்தம் முறியலாம், மூப்பர் பதவியும் போகலாம். அது நான் தேடிய அவமானம், உன்னுடையதல்ல. அதற்குப் பயந்து நீ உன் பதிலை மாற்றிச் சொல்லாதே. எதுவென்றாலும் உள்ளதை உள்ளபடி எழுது, அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்வேன். கருவாட்டைக் குளிர்ப்பெட்டிக்குள் வை, படுக்க முதல் செபம் சொல்லு. எந்தச் சபையில் நின்றாலும் ஆண்டவர் உன் தலையில் கை வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
யோசெப்
(நாளைப் பூசை முடியும் வரை கோயில் மூப்பர்)