ஙகரக் காய் கரைசேர்ந்த செய்தி

நலம் பெருகுக. நெடியாறு வற்றாதிருக்க. ஆள்வோர் நாவில் சொல் பிழையாதிருக்க.

வெண்ணாவல் நாட்டை ஆள்பவரும், நெடியாற்றின் இக்கரைக்குக் குடைநிழல் ஆனவரும், பகைவர் வந்தாலும் இலை போடச் சொல்பவருமான அரசி திருவுடைநாச்சியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் பேரமைச்சன் பூதந்தேவன் எழுதும் ஓலை. கருமலை நாட்டு அதிபரும், மலை மூன்றுக்கும் தாமே உடையவர் என்று தாமே சொல்லிக்கொள்பவருமான ஏகவீரவேள் அவர்கள், வாசிப்பவன் குரல் நடுங்கினாலும் நிறுத்தச் சொல்லாமல் இறுதிவரை கேட்டருள்க.

தங்கள் குடிகள் நலமா, யானைகள் நலமா, மலையில் மழை உண்டா என்று முதலில் விசாரிப்பது ஓலை மரபு. விசாரித்தோம் என்றே வைத்துக்கொள்ளவும். மனமார விசாரிக்க எமக்கு இன்று வாய் வரவில்லை.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. சொற்பலகைப் போட்டியில் தங்கள் ஆட்டக்காரர் குமாரதத்தரே வென்றார் என்றும், காணாமற்போன எழுத்துக் காயை எங்கள் வண்டார்குழலிதான் ஒளித்தாள் என்றும், இருக்கையை விட்டு அவளும் எழுந்துவிட்டாள் என்றும், ஆகவே நாவல் துறை இனித் தங்களுடையது, அவள் கணவன் மாசாத்தன் தங்கள் சிறையிலேயே கிடப்பான் என்றும் அதில் கண்டது. அரசியார் முன்னிலையில் நாமே அதை வாசித்தோம். நடந்ததை நடந்தபடி எழுதும், மெருகேற்ற வேண்டாம் என்று அரசியார் பணித்தார். இத்தனை பொய்யை ஒரே ஏட்டில் அடக்கிய தங்கள் எழுத்தரின் கைத்திறம் எமக்கு இல்லை. ஆகையால் எம் ஓலை சற்று நீளும்.

மாசாத்தன் நாவல் துறையின் ஓடத் தலைவன். ஆடிப் பெருக்கில் இழுபட்ட அவன் ஓடம் தங்கள் கரையை முட்டிற்று. அதைப் படையெடுப்பு என்றீர்கள். ஒற்றை ஓடமும் ஒரு துடுப்பும் எந்த ஊர்ப் படை ஐயா? எங்கள் வீரர்கள் வாளை எடுத்தபோது, இரத்தம் வேண்டாம், ஆண்டுதோறும் ஆற்றின் நடுத்திட்டில் நடக்கும் சொற்பலகைப் போட்டியிலேயே வழக்கைத் தீர்ப்போம் என்று சொல்லி அனுப்பியவர் தாங்கள்தாம். தாங்கள் வென்றால் துறை தங்களுக்கு, நாங்கள் வென்றால் மாசாத்தன் எங்களுக்கு. குமாரதத்தர் தோற்று நெடுங்காலம் ஆயிற்று என்ற தெம்பில் சொன்னீர்கள். நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

எங்கள் பக்கம் ஆட வண்டார்குழலியை அனுப்பினோம். அவளைப் பற்றித் தங்கள் அவையில் ஓடக்காரன் பெண்டாட்டி என்று சிரித்தார்களாம். அவள் அரசியார் அவையில் பதினாறு வயதிலேயே பலகைக்கு உட்கார்ந்தவள். அடக்கமானவள் என்று பொய் சொல்ல மாட்டோம். வாய் நீளம், கோபம் அதைவிட நீளம், எம்மையே பலமுறை பேச்சு வாங்க வைத்திருக்கிறாள். ஆனால் அன்று புறப்படும்போது அரசியாரிடம் அவள் சொன்னது இவ்வளவே, பேசியபடியே எழுதுகிறோம்: “தோத்தா திட்டுங்க, கெலிச்சாப் புகழ வேணாம். எம் புருஷன் வீடு வந்தாப் போதும்.”

தங்கள் அவையில் இளையவர் பலர் ஆட்டம் அறியாதவர் என்று கேள்வி. அவர்களுக்காக விதியையும் எழுதுகிறோம். முருக்க மரத்தில் கடைந்த எழுத்துக் காய்கள் பட்டுப் பையில் கிடக்கும். இருவரும் மாறி மாறி எடுத்து, தம் முன்னுள்ள கட்டையில் நிறுத்தி, பலகையில் சொல்லாகக் கோக்க வேண்டும். அரிய எழுத்துக்கு மதிப்பு அதிகம். ஒருவர் கை முதலில் காலியானால், மற்றவர் கையில் மிஞ்சிய காயின் மதிப்பு காலியானவர் கணக்கில் சேரும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் காய்களை வரிசையாகப் பரப்பி எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாகும்வரை ஆடியவர் இருவரில் ஒருவரும் இருக்கை விட்டு எழக்கூடாது, எழுந்தவர் தோற்றவர். இந்தக் கடைசி விதியைச் செய்தவர் தங்கள் பாட்டனார். புண்ணியவான், தம் வம்சத்தை நன்றாக அறிந்திருக்கிறார்.

சனிக்கிழமை நடந்த முதற்சுற்று ஆட்டங்களைப் பற்றி விரித்து எழுத ஒன்றுமில்லை. குமாரதத்தர் எல்லோரையும் வென்றார். வண்டார்குழலி ஒன்றில் சறுக்கி மற்றவற்றில் வென்றாள். அவள் யோசிக்கும்போதெல்லாம் தங்கள் ஆட்கள் செருமியதையும், முரசைத் துடைக்கிறேன் என்று தட்டிப் பார்த்ததையும் நாங்கள் பொறுத்தோம். ஞாயிறன்று பிற்பகல் இருவரும் இறுதி ஆட்டத்துக்கு உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் தாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தீர்கள். திட்டில் போட்ட பந்தலுக்கு நேர் எதிரே, தங்கள் கரையில், மாசாத்தனைக் கைகட்டிக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினீர்கள். அவளுக்கு அவன் முகம் தெரியும் தூரம் அது. தாடி வளர்ந்து, தோள் எலும்பு தெரிய நின்றான். வண்டார்குழலி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பையில் விட்ட அவள் கை வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. எடுத்த காய் விரலிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. பலகைக்கு உட்கார்ந்த நாள்முதல் அவள் கையிலிருந்து காய் விழுந்து நாம் பார்த்ததில்லை.

அதைக் கண்ட குமாரதத்தர், நல்ல இடம் வேறு இருக்க, வேண்டுமென்றே ‘சிறை’ என்று கோத்து வைத்து அவள் முகத்தைப் பார்த்தார். சீ, என்ன மனுஷன்! எம் பக்கத்தில் நின்றவர்கள் பல்லைக் கடித்தார்கள். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையிலிருந்த ஏழு காயையும் ஒருசேர இறக்கி ஒரே சொல்லாக வைத்தாள். அதன்பின் ஆட்டம் முடியும்வரை அவள் கரைப்பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டம் இழுபறியாகச் சென்றது. பை காலியானது. குமாரதத்தர் சற்றே முன்னால் இருந்தார். ஆனால் வந்த காயை எல்லாம் மனத்தில் ஓட்டிக்கொண்டே வந்தவளுக்கு, இன்னும் வராத காய் எது என்று தெரியாதா? ஙகரக் காய் பலகைக்கு வரவே இல்லை. அதற்கு மதிப்பு எல்லாவற்றிலும் பெரிது. ஆனால் அதை வைக்க இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அது குமாரதத்தர் கட்டையில் ஒரு மகரக் காயோடு நின்றது. தன்னிடம் மிஞ்சிய ஒற்றைத் துகரக் காயை எடுத்தாள் வண்டார்குழலி. அவர் கோத்த ‘சிறை’யின் கடைசி எழுத்துக்கு மேல் கட்டத்தில் வைத்து, மேலிருந்து கீழாக ‘துறை’ என்று படித்து, வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

ஙகரத்தின் மதிப்பு சேர்ந்தால் வெற்றி அவளுக்கு. சேராவிட்டால் அவருக்கு. குமாரதத்தர் வெற்றிலையை மென்றுகொண்டே தம் கட்டையைத் திருப்பினார். அதில் மகரக் காய் ஒன்றே இருந்தது. மிஞ்சியது இவ்வளவே, ஆட்டம் எமதே என்றார். தங்கள் ஆட்கள் அந்தக் கணமே முரசறைந்தார்கள்.

எண்ணிவிட்டு அறையச் சொல்லுங்கள் என்றாள் வண்டார்குழலி. நடுவர்கள் காய்களைப் பரப்பினார்கள். ஒன்று குறைந்தது. பாயைத் தூக்கிப் பார்த்தார்கள், பையை உதறினார்கள், அவள் சேலை மடிப்பை எங்கள் பெண்களே உதறிக் காட்டினார்கள். அடுத்து குமாரதத்தரின் மடியைப் பார்க்க வேண்டும் என்று நடுவர் சொன்னதும், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்பதுபோல் ஏதோ முனகினார். வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் எவருக்கும் விளங்கவில்லை. போனவர் ஓடம் ஏறினார். ஒதுங்க ஆற்றைக் கடந்து போனவரை நாம் அன்றுதான் கண்டோம்.

அவர் முதலில் எழுந்துவிட்டார், விதிப்படி நீ வென்றாய், எழுந்து வா அம்மா என்று நாம் சொன்னோம். அவள் அசையவில்லை. “எண்ணிக்கை சரியாகலையே ஐயா. இப்ப நான் எழுந்தா, ரெண்டு பேரும் எழுந்ததாச் சொல்லி எம் புருஷனை விடமாட்டாங்க. காய் வரட்டும்” என்றாள். தங்கள் ஓலையில் அதே வாதத்தைக் கண்டபோது, அவள் தங்களை எவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறாள் என்று எமக்கே வெட்கமாக இருந்தது.

இனிமேல் வருவது தங்களுக்குத் தெரியாத பகுதி. நன்றாகக் கேட்கவும்.

நடு ஆற்றில் குமாரதத்தர் வெற்றிலையைத் துப்பினார். துப்புமுன் வாயிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து நீரில் எறிந்திருக்கிறார். பந்தலிலிருந்து பார்த்தால் ஓடத்தில் அவர் முதுகு மட்டுமே தெரியும். எதிர்க்கரையில் கட்டுண்டு நின்றவனுக்கு அவர் முகமும் கையும் தெரிந்தன. தங்கள் காவலருக்கு அது எச்சில். நெடியாற்றிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, எச்சில் விழும் விதம் வேறு, மரம் விழும் விதம் வேறு.

மாசாத்தன் கூவினான். ஓடக்காரர்கள் மழையிலும் மூடுபனியிலும் ஒருவருக்கொருவர் கொடுக்கும் ஆற்றுக் கூவல் அது. மலைநாட்டுக் காவலருக்கு நாய் ஊளைபோல் பட்டிருக்கும். பொருள் ஒன்று நீரில் போகிறது, கிழக்கு மடுவில் வலை போடு என்று அதற்குப் பொருள். நடு ஆற்றில் அந்த இடத்தில் விழும் எதுவும் சுழன்று சுழன்று கடைசியில் அந்த மடுவில்தான் ஒதுங்கும். கட்டுண்ட நிலையில் கூவினால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? தங்கள் காவலன் வேற்கம்பால் அவன் வாயிலேயே அடித்தான். அவன் விழுந்து, எழுந்து, இரத்தத்தோடு மறுபடியும் அதையே கூவினான். பந்தலில் அதைக் காணாதவர் இல்லை. பலகையின் முன் இருந்தவளும் கண்டாள். எழுந்து ஓடத் துடித்தவள், பாயை இரு கையாலும் பற்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதபடி உட்கார்ந்தே இருந்தாள்.

எங்கள் ஓடக்காரர்கள் மடுவை வலையால் வடிகட்டினார்கள். மறுநாள் வெயில் ஏறும் வேளையில், சருகும் நுரையுமாக ஒதுங்கிய குப்பையில் அது கிடைத்தது. வெற்றிலைச் சிவப்பு இன்னும் போகவில்லை. மிருதுவான முருக்க மரமாதலால் மேல் விளிம்பில் பல் பதிந்திருந்தது. தங்கள் நாட்டு நடுவர் இளங்கௌதமனார், கணக்கு முடியாமல் போக மாட்டேன் என்று பந்தலிலேயே இருந்த கிழவர், காயைத் தம் கையால் வாங்கி, வெகுநேரம் பார்த்து, தலை குனிந்து வண்டார்குழலியிடம் நீட்டினார். அவள் அதை வரிசையில் வைத்தாள். எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாயிற்று. இரு நடுவரும் கைச்சாத்திட்டார்கள். அதன் படி இத்துடன் வருகிறது. இளங்கௌதமனார் ஊர் திரும்ப அஞ்சுகிறார். அவர் எங்கள் விருந்தினர். அவர் வீட்டாரைத் தொடாதிருப்பது தங்களுக்கு நல்லது.

பிறகே அவள் எழுந்தாள். கால் மரத்துப்போய் இரு பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். புகழ்ந்து பேச வந்தவர்களை விலக்கிவிட்டு நேராக நாவல் துறைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறாள். சோறு கொண்டுபோனவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இனித் தாங்கள் என்று எழுத எம் எழுத்தாணி மறுக்கிறது. ஏகவீரவேளே, கேளும். இவ்வோலை கண்ட அன்றே மாசாத்தனின் கட்டை அவிழ்த்து, காயத்துக்கு மருந்திட்டு, அவன் ஓடத்தை அவனிடமே கொடுத்து, தானே துடுப்புப் போட்டு வரும்படி அனுப்பும். உம் ஆட்கள் ஒருவரும் உடன் வர வேண்டாம். அவன் வந்து துறைப்படியில் கால் வைத்தால், நீர் செய்ததை அரசியார் மறக்கமாட்டார், ஆனால் வாள் உறையில் இருக்கும். அவன் வராமல் வெற்று ஓடம் வந்தால், அடுத்த ஆட்டத்துக்கு நாங்கள் பலகை கொண்டு வரமாட்டோம். குமாரதத்தருக்கும் ஒரு சொல்: எங்கள் எல்லையில் அவர் வெற்றிலை போடக்கூடாது.

இது அரசியாரின் ஆணை. எழுதியவன் பூதந்தேவன். கேட்டு ஒப்பியவர் அவையோர்.

ஓலையின் கட்டில் வழக்கமான நாவல் முத்திரையைத் தேட வேண்டாம். முத்திரை வைக்கும் உரிமையை அரசியார் இம்முறை வண்டார்குழலிக்குக் கொடுத்தார். துறைப்படியில் உட்கார்ந்தபடியே, சூடான அரக்கில் அந்த ஙகரக் காயை அவள் தன் கையால் அழுத்தினாள். எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது. மேல் விளிம்பில் விரலை வைத்துப் பாரும். உம் ஆட்டக்காரரின் பல் தடம் தட்டுப்படும்.