ஒளி கசியும் விண்கலம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகம்தானே என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டேன், இந்தத் தடவை அதில் பாதிதான் உண்மை. எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்குத்தான் கண் சரியில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார், ஏழு மாதம் காப்பாற்றினேன், இன்று மீறுகிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இரண்டு கண்ணிலும் நட்டநடுவில் கறை மாதிரி விழுந்திருக்கிறது, எதை நேராகப் பார்த்தாலும் அதுதான் மறைகிறதாம். ஊசி போட்டுப் பார்க்கிறோம், அப்படியே நிற்கலாம், பெருகவும் செய்யலாம் என்கிறார் டாக்டர். பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார், கேட்டால் அதில் என்ன இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறார்.

ஒருநாள் காலையில் உன் அறை அலமாரி முன்னால் நின்றுகொண்டு, அந்த விண்கலத்தை எங்கே எடுத்து வைத்தாய் என்று என்னைக் கேட்டார். அது அவர் மூக்குக்கு நேரே இருந்தது. துடைக்க எடுத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொம்மையை, சரி, பொம்மை என்றால் உங்கள் இருவருக்கும் மூக்குமேல் கோபம் வரும், அந்த மாடலை, உன் பதினோராவது வயதில் ஒரு முழுப் பரீட்சை லீவு பூராவும் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒட்டினீர்களே. நூற்றுச் சொச்சம் வெள்ளைத் துண்டுகள், வீடெல்லாம் பசை நாற்றம், மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரேடியோ கம்பெனியில் பதினான்கு வருடம் சால்டரிங் வேலை பார்த்தவள் நான், எனக்கு நீங்கள் கொடுத்த வேலை மேஜையில் விரிக்கப் பழைய பேப்பர் கொண்டுவருவது. விண்கலத்து ஜன்னலில் விளக்கு எரியணும் என்று நீ மூக்கால் அழுதாய். உள்ளே பல்பு வைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடும் என்று அப்பா மறுத்துவிட்டு, ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பெயின்ட் தொட்டுவைத்தார், அந்தக் காலத்துப் பல்புக்கு அவர் சொன்னது சரிதான். அவர் முகம் வாடியதைப் பார்த்து நீ தள்ளிப் போய் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எரியுதுப்பா, நெசமாவே எரியுது என்றாய். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த லீவு மாதிரி ஒரு லீவு இந்த வீட்டுக்கு அப்புறம் வரவேயில்லை.

இப்போதுதான் சூடாகாத எல்இடி கடுகளவில் கிடைக்கிறதே. விளக்கு போட்டாலாவது அவர் கண்ணுக்குப் படாதா என்று ஆறு வாங்கினேன். பேரனுக்கா என்று கேட்டார் கடைக்காரர், வீட்டுக்காரருக்கு என்றேன். அப்பா நடக்கப் போகும் நேரமாகப் பார்த்துத் தினம் கொஞ்சமாக வேலை செய்தேன், இன்னுமா துடைக்கிறாய் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் ஒட்டிய இணைப்பை மெல்லிய ரம்பத்தால் மயிரிழை மயிரிழையாக அறுத்தேன், உடைந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் என்ன பதில் சொல்வேன். ஜன்னல்களில் ஊசித் துளை போட்டு, ஒயர் இழுத்து, பற்றவைத்து மூடினேன், சால்டரிங் கை இன்னும் மறக்கவில்லை. திரையை இழுத்துவிட்டு சுவிட்சைப் போட்டால் மானம் போயிற்று. உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்த பிறகுதான் விளக்கு வைக்கணுமாம், எனக்கு யார் சொன்னார்கள். ஜன்னலில் மட்டும் வர வேண்டிய வெளிச்சம் பிளாஸ்டிக் பூராவும் கசிந்து, போர்வைக்குள் டார்ச் அடித்த மாதிரி மொத்தக் கலமும் எரிகிறது. பிரித்துவிடலாம் என்று கத்தியை எடுக்கும்போது அப்பா உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் வாசற்படியிலேயே நின்றார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அறுத்ததற்குக் கோபம் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே, மூக்கு தெரியுது, ரெக்கை தெரியுது, பின்னாடி குழாய் நாலும் தெரியுது என்றார். நடுவில்தான் கறை, ஓரக்கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது, பார்க்க வேண்டியதை ஓரத்துக்குக் கொண்டுவரத்தான் திரும்புகிறார். தப்பாகச் செய்துவிட்டேன், கறுப்பு அடித்து ஜன்னல் மட்டும் எரிகிற மாதிரி சரிசெய்கிறேன் என்றேன். வேணாம், புள்ளி புள்ளியா எரிஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியாது, இப்படியே இருக்கட்டும் என்றார். பக்கத்தில் வந்து வால் பக்கம் விரலால் தடவி, இங்க பசையை அப்பியிருக்கான் பார், நான் பார்க்காதப்ப ஒட்டினது என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார், நானும் அழுதேன்.

இதை எதற்கு இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்றால், போன வாரம் நீ என்னிடம், வீடியோவில் கூப்பிட்டால் அப்பா என் முகத்தையே பார்ப்பதில்லை, நான் இத்தனை தூரம் வந்ததில் இன்னும் கோபமா என்று கேட்டாய். நான் மழுப்பினேன். கோபமில்லை கண்ணா. அவர் அப்படித் திரும்புவது உன்னைப் பார்ப்பதற்குத்தான்.

லீவு கிடைத்தால் சீக்கிரம் வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் காபியிலேயே காலத்தை ஓட்டாதே. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்கணும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நீ வந்து நின்றதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், அப்போது நீ நகர்ந்துவிடாதே, அவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நில்.

ஆசியோடு,
உன் அம்மா