சத்தியம் செய்யாதவன் சாட்சி

மார்ச் 4

தம்பிக்கு,

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். மயங்கி விழாதே. நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

நான் தட்டச்சு வேலை பார்க்கும் கோர்ட்டில் ஒரு லாரி டிரைவர்மேல் விபத்து வழக்கு வருகிறது. சாட்சிப் பட்டியலில் உன் பெயர். சிக்னல் பச்சையாக இருந்ததைப் பார்த்தவன், உன் தையல் கடையிலிருந்த நீ ஒருவன்தானாம். நீ சொல்லாவிட்டால் அந்த மனிதன் உள்ளே போவான். "சத்தியம் பண்றது பாவம், வேதத்துல விலக்கியிருக்கு" என்று என் விவாகரத்து வழக்கில் கூண்டைவிட்டு இறங்கிப் போனாயே, அப்படி இவனையும் கைவிட்டுவிடாதே.

சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். கோடு போட்ட இடத்தைப் படி.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் தையலை அப்படியே விட்டுவிட்டு அழுதேன்.

'சத்தியம் செய்ய மனம் ஒப்பாதவர், அதற்குப் பதிலாக உறுதி கூறலாம்.' பத்துத் தடவை படித்தேன். நம் வழிபாட்டுக் கூடத்தில் மொத்தமே நாற்பது பேர். ஊரே கேலி செய்கிற நமக்கும் இவ்வளவு பெரிய சட்டம் ஒரு வாசல் வைத்திருக்கிறதே! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "நம்மளையும் நெனச்சு ஒருத்தர் உக்காந்து எழுதியிருக்காரு பாருங்க" என்றாள் என் வீட்டுக்காரி. கட்டாயம் வருகிறேன்.

தம்பி

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாட்சி சொல்ல வந்த அன்று பார்த்து நீ விடுப்பு எடுத்துவிட்டாய். இருக்கட்டும்.

"உறுதி கூறுகிறேன்" என்றேன். நீதிபதி தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கடவுளைத் துணைக்குக் கூப்பிடாத என் வெறும் சொல்லை அத்தனை பேரும் மதித்து எழுதிக்கொண்டார்கள். என்னையறியாமல் கைகூப்பினேன். தொழும்போதுகூட அப்படிக் கூப்பியதில்லை. நேற்று டிரைவரை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்துதான் நகலின் தலைப்பில் அந்தச் சட்டம் வந்த ஆண்டைப் பார்த்தேன். உன் வழக்குக்கு நாற்பது வருடம் முந்தையது. அன்றே இந்த வாசல் திறந்துதான் இருந்திருக்கிறது. அக்கா, உனக்குத் தெரியுமா?

தம்பி

மார்ச் 27

தம்பி,

தெரியும். மூன்று வருடம் முன்பு ஒரு தீர்ப்பை அடிக்கும்போது பார்த்தேன். அன்று என் வக்கீலும் சொல்லவில்லை, நீதிபதியும் சொல்லவில்லை. உன்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. சொன்னால் நீ நொறுங்கிப்போவாய் என்று மறைத்தேன். டிரைவருக்காகத்தான் வாய் திறந்தேன்.

வழக்கில் தோற்றதால் என் மகள் அவள் அப்பாவிடமே வளர்ந்துவிட்டாள். மாதம் ஒருமுறை வருவாள். "அப்பா உங்கள அடிச்சாருன்னு பொய் சொன்னீங்களாமே" என்று போன தடவையும் கேட்டாள். என்ன சொல்ல?

அக்கா

ஏப்ரல் 2

மருமகளுக்கு,

உன் மாமா எழுதுகிறேன். நான் சத்தியம் செய்வதில்லை. உறுதி கூறுகிறேன்: உன் அப்பா உன் அம்மாவை அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். உனக்கு மூன்று வயது. என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. இதை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு, கண்ணு.

மாமா

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மகள் இரண்டு தடவை படித்தாள். "இவரு பொய் சொல்ல மாட்டாரா?" என்றாள். "அவன் சத்தியமே பண்ண மாட்டான்" என்றேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எப்போதும் "கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள், வாசல்வரை போய்த் திரும்பி, "போய்ட்டு வரேம்மா" என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறும் வருகிறாளாம். நீயும் வா. கிழிந்த திரைச்சீலை மூன்று கிடக்கிறது. ஊசி நூலோடு வா.

உன் அக்கா